கண்ணிவெடி அகற்றிய அணிக்கு ஒரு நினைவுக் குற்றி: வடிவம், உலோகம், எண்ணிக்கை பற்றி ஆலோசனை தேவை

பளைக்காற்று எழுதியது:

வணக்கம். நான் பதினொரு ஆண்டுகள் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தவள். முகமாலையில் தொடங்கினேன், கடைசி நான்கு ஆண்டுகள் ஒரு பிரிவுக்குத் தலைவியாக இருந்தேன். 2013 இல் ஒரு நாள், பணி முடிந்து காப்பு அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, எங்கள் தளத்தைப் பார்வையிட வந்திருந்த வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் நேராக என்னிடம் வந்து கைகொடுத்தார். அவர் தமது நாட்டு இராணுவத்தில் வெடிபொருள் செயலிழக்கச் செய்யும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். கையை விலக்கியபோது என் உள்ளங்கையில், நாணயம் போன்ற கனமான ஒரு வட்டக் குற்றி இருந்தது. அன்று காலை நான் ஒரே பாதையில் மூன்று மிதிவெடிகளைக் கண்டெடுத்திருந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அப்போது ஆங்கிலம் போதாது; ஆனாலும் அது எதற்காகத் தரப்பட்டது என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை.

அமெரிக்கப் படைகளில் வேரூன்றி, பின்னர் தீயணைப்புப் படை, பொலிஸ், மீட்புப் பணி என்று உலகெங்கும் பரவிய இந்த வழக்கத்தைச் சவால் நாணயம் என்று மொழிபெயர்க்கிறார்கள். ஒரு படைப்பிரிவின் இலச்சினையைப் பொறித்த குற்றியை அதன் உறுப்பினர் எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். ஒருவர் தமது குற்றியை மேசையில் தட்டிச் சவால் விட்டால் மற்றவர்கள் தத்தம் குற்றியைக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர் எல்லோருக்கும் பானம் வாங்கிக் கொடுக்க வேண்டும். எல்லோரும் காட்டிவிட்டால் சவால் விட்டவரே அந்தச் செலவை ஏற்க வேண்டும். அந்த முதற் குற்றிக்குப் பிறகு நானும் சேர்க்கத் தொடங்கினேன். இப்போது என்னிடம் 43 குற்றிகள் உள்ளன. அவற்றுள் ஆறு மட்டுமே கைக்குக் கை வந்தவை. ஏனையவை மாற்றிக்கொண்டவை அல்லது இணையத்தில் வாங்கியவை. ஆறையும் ஒரு பால்மா ரின்னிலும் மற்றவற்றை இன்னொரு ரின்னிலும் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அவை இரண்டும் ஒரே பொருள் என்று எனக்குத் தோன்றுவதில்லை.

இப்போது விடயத்துக்கு வருகிறேன். இலங்கை 2017 டிசம்பரில், கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி 2028 ஜூன் முதலாம் திகதிக்குள் நாட்டில் அறியப்பட்ட கண்ணிவெடி நிலங்கள் எல்லாம் துப்புரவாக்கப்பட வேண்டும். நிலம் குறையக் குறைய அணிகளும் குறைகின்றன. நான் தலைமை தாங்கிய பிரிவு கலைக்கப்பட்டுவிட்டது. 28 பேரில் 19 பேர் பெண்கள். அவர்களில் பலர் கணவனை இழந்து, பிள்ளைகளைத் தனியே வளர்ப்பதற்காக இந்த வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் தையலுக்கும் தோட்டத்துக்கும் கடைகளுக்கும் பிரிந்து போகிறார்கள். சான்றிதழ் ஒன்று தந்திருக்கிறார்கள், அது கோப்புக்குள் போய்விடும். அவர்கள் கையில் இருக்கும்படியாக ஒரு குற்றியை வார்ப்பித்து, கண்ணிவெடி விழிப்புணர்வுக்கான சர்வதேச நாளாகிய ஏப்ரல் 4 இல் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துத் தர விரும்புகிறேன். என்ன உலோகம், என்ன அளவு, எத்தனை செய்விக்க வேண்டும், எதைப் பொறிக்க வேண்டும், எதைப் பொறிக்கக்கூடாது என்பவற்றில் அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

அச்சுப்பட்டறை எழுதியது:

அக்கா, வவுனியாவில் கேடயம், பதக்கம், பெயர்ப்பலகை செய்யும் கடை வைத்திருக்கிறேன். இவ்வகைக் குற்றிகளை நாங்கள் இங்கே அடிப்பதில்லை, வெளிநாட்டுக்கு வரைபடம் அனுப்பித் தருவித்துக் கொடுக்கிறோம். ஆகையால் எங்கே தவறு நேரும் என்பதை ஓரளவு அறிவேன்.

முதலில் உலோகம். இரண்டு வழிகள் உண்டு. பித்தளைத் தகட்டை உருக்கு அச்சுகளுக்கு இடையே வைத்துப் பேரழுத்தத்தில் அடிப்பது ஒன்று. துத்தநாகக் கலவையை உருக்கி அச்சுக்குள் செலுத்தி வார்ப்பது மற்றது. துத்தநாகக் கலவை ஏறக்குறைய 385 பாகை செல்சியஸில் உருகிவிடும், ஆகவே நடுவில் துளையுள்ள வடிவங்களையும் உயர்ந்த புடைப்புகளையும் மலிவாகச் செய்யலாம். ஆனால் பித்தளையில் விளிம்புகள் கூர்மையாக வரும், கனமும் கூடும். 45 மில்லிமீற்றர் விட்டமும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள வட்டத்தைக் கணக்கிட்டால் பித்தளையில் ஏறத்தாழ 40 கிராமும் துத்தநாகக் கலவையில் 32 கிராமும் வரும். எட்டுக் கிராம் சிறிய தொகையாகத் தோன்றும். இரண்டையும் இரு கைகளிலும் வைத்துப் பார்த்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார். நீங்கள் கைக்குக் கை கொடுக்கப் போவதால் பித்தளையையே தெரிவு செய்யுங்கள்.

நிறம் வேண்டுமென்றால் மென் எனாமல், வன் எனாமல் என்று இரு வகைகள் உள்ளன. மென் எனாமலில் நிறம் உலோகக் கோடுகளுக்குக் கீழே பள்ளமாக நிற்கும், விரலால் தடவினால் கோடுகள் தட்டுப்படும். வன் எனாமலில் நிறத்தை மேல்வரை நிரப்பிச் சூடேற்றி மினுக்குவதால் மேற்பரப்பு சமதளமாகிவிடும். பையில் திறப்புகளோடு கிடக்கப் போகும் குற்றிக்கு வன் எனாமல் நெடுநாள் உழைக்கும். நிறமே இல்லாமல், பழுப்பேற்றிய பித்தளையில் புடைப்பு மட்டும் இருப்பது இன்னும் அழகு என்பது என்னுடைய சொந்த எண்ணம்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, அச்சுச் செலவு ஒரு தடவைதான். ஐம்பது செய்தாலும் ஐந்நூறு செய்தாலும் அது மாறாது. அதனால் செய்பவர்கள் கூடுதலாக எடுக்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். பெரும்பாலானோர் ஐம்பதுக்குக் குறைந்து ஏற்பதில்லை, நூறு என்பாரும் உண்டு.

மாங்குளச்சந்தி எழுதியது:

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் நான். நாணயமும் முத்திரையும் சேர்ப்பதில் நாற்பது ஆண்டு ஈடுபாடு உண்டு. தங்கையின் முயற்சி மனத்தைத் தொட்டது. வரலாற்றுப் பக்கத்தில் சிலவற்றைச் சொல்கிறேன், ஏனெனில் இந்தக் குற்றிகளைப் பற்றி இணையத்தில் உலவும் கதைகளில் பாதி கதைகளே.

முதலாம் உலகப் போரில் செல்வந்தரான ஓர் அமெரிக்க அதிகாரி தமது விமானப் பிரிவினருக்கு வெண்கலக் குற்றிகள் செய்து கொடுத்தார் என்றும், எதிரிகளிடமிருந்து தப்பிப் பிரெஞ்சு எல்லைக்குள் வந்த விமானி ஒருவரை உளவாளியென்று சுடப்போனவர்கள் அவர் கழுத்துப் பையிலிருந்த குற்றியைக் கண்டு விட்டுவிட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. கேட்க இனிமையானது. ஆனால் அந்த விமானிக்குப் பெயரும் இல்லை, அந்தப் பிரிவுக்கு எண்ணும் இல்லை. உறுதியாகச் சொல்லத்தக்கவை பின்னால் வந்தவையே: கொரியப் போர்க்காலத்தில் 17 ஆம் காலாட் படைப்பிரிவின் கேணல் வில்லியம் குவின் எருமை உருவம் பொறித்த குற்றியைத் தம் வீரர்களுக்காகச் செய்வித்தார், 1960களில் 10 ஆம் சிறப்புப் படைக் குழுவினர் தமக்கென ஒரு குற்றி வைத்திருந்தனர். வியட்நாமில் படையினர் சிலர் குற்றிக்குப் பதிலாகத் துப்பாக்கி ரவைகளையே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மதுச்சாலைகளில் சவால் விட்டார்கள். ஒருவரை ஒருவர் மிஞ்சப் பெரிய குண்டுகள்வரை கொண்டுவரத் தொடங்கியபோது அது ஆபத்தாகிவிட்டது, குற்றிகள் அந்த இடத்தைப் பிடித்தன. பில் கிளின்டன் தமக்குப் படையினர் தந்த குற்றிகளை அலுவலக மேசைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தார். வெள்ளை மாளிகையில் உள்ள அவருடைய அதிகாரபூர்வ ஓவியத்திலும் அந்த அடுக்குகளைக் காணலாம்.

நம்முடைய நாட்டிலும் புழக்கத்துக்கு அல்லாத குற்றிகளின் மரபு புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களிலும் கோப்பி பதனிடும் ஆலைகளிலும் வேலையாட்களுக்கு உலோக வில்லைகள் வழங்கப்பட்டன. 1843 ஆம் ஆண்டு பொறித்த வேகந்த ஆலை வில்லையைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த எத்தனையோ தமிழ்க் கைகள் அந்த வில்லைகளைப் பிடித்திருக்கும். யாருடைய பெயரும் அவற்றில் இல்லை. உங்கள் குற்றியில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணையாவது பொறியுங்கள் என்று இதனால்தான் கேட்கிறேன்.

பனங்கூடல் எழுதியது:

அன்புள்ள தங்கைக்கு, உங்கள் பணியை மதிக்கிறேன். எங்கள் காணியைத் துப்புரவாக்கியவர்கள் உங்களைப் போன்றவர்களே; அதன் பிறகுதான் நாங்கள் வீடு திரும்பினோம். இருந்தாலும் ஒரு மறுப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இது படைகளின் வழக்கம். சின்னம், சீருடை, பதக்கம் என்பவற்றுக்கு இந்த மண் கொடுத்த விலை போதாதா? 2009 இன் தொடக்கத்தில், என் மூத்த மகன் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் வாங்கிய ஒரு பித்தளைப் பதக்கத்தைக்கூட, யார் எந்தக் கண்ணால் பார்ப்பார்களோ என்ற அச்சத்தில் என் மனைவி கிணற்றடியில் புதைத்தாள். அது ஓட்டப் பந்தயத்தில் வாங்கியது. அதில் ஒரு புலியும் இல்லை, வாளும் இல்லை. ஓர் உருவம் பொறித்த உலோகத்துண்டு வீட்டில் இருப்பதே பயமாக இருந்த ஆண்டுகள் அவை. திரும்பி வந்து தோண்டியபோது அது கிடைக்கவில்லை. மகனும் இல்லை. அந்தப் பெண்களுக்குப் பணமாகவோ, ஒரு தையல் இயந்திரமாகவோ கொடுத்தால் பயன்படாதா என்று கேட்கிறேன். புண்படுத்த எழுதவில்லை.

பளைக்காற்று எழுதியது:

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மனத்தில் வைத்திருந்துவிட்டே இதை எழுதுகிறேன். நீங்கள் கேட்டது சரியான கேள்வி.

பணத்தைப் பற்றி: எங்கள் கூட்டுறவுச் சேமிப்பிலிருந்து ஒவ்வொருவருக்கும் உரியதைப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். குற்றிக்கு நான் என் சொந்தப் பணத்தைச் செலவிடுகிறேன், ஒருவரிடமும் நிதி கேட்கவில்லை. தையல் இயந்திரம் உழைக்க உதவும். ஆனால் பதினொரு ஆண்டுகள் முழந்தாளிட்டு மண்ணைக் கிளறியவளிடம் அவள் பிள்ளை ஒரு நாள் நீ என்ன வேலை செய்தாய் என்று கேட்கும்போது, எடுத்துக் காட்டுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. கண்ணிவெடி அகற்றுபவரின் வேலை முழுமையாக முடிந்தால், அங்கே பார்ப்பதற்கு எதுவுமே மிஞ்சாது. நெல் விளையும், பிள்ளைகள் ஓடுவார்கள், அவ்வளவுதான்.

படைச் சின்னம் பற்றி: ஆயுதம், கொடி, விலங்கு, கழுகு, மண்டையோடு, மின்னற்கோடு எதுவும் இந்தக் குற்றியில் வராது என்று உங்களுக்கு வாக்குத் தருகிறேன். நாடாவில் தொங்கவிடும் துளையும் வைக்கமாட்டேன். மார்பில் குத்தும் பொருளாக அது ஆகவேண்டாம். சவால் என்ற சொல்லையும் எடுத்துவிடுகிறேன். நினைவுக் குற்றி என்பதே அதன் பெயர். பானம் வாங்கிக் கொடுக்கும் விதியை மட்டும் எங்கள் அணிப் பிள்ளைகள் விடமாட்டோம் என்கிறார்கள்: சந்திக்கும்போது குற்றியைக் கொண்டுவராதவர் பிளேன்ரீயும் வடையும் வாங்கித்தர வேண்டுமாம்.

பொறிப்பதற்கு என் மனத்தில் இருப்பது வாரி. நாங்கள் றேக் என்றே சொல்வோம். வெளியில் இருப்பவர்கள் கண்ணிவெடி என்றவுடன் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு நடப்பவரையே நினைக்கிறார்கள். போர் நடந்த நிலத்தில் குண்டுச் சிதறலும் ரவைக் கோதும் ஆணியும் மண்ணெங்கும் கிடப்பதால், உலோகம் காட்டும் கருவி ஓயாமல் கத்தும். வடக்கின் இளகிய மண்ணுக்கென்றே இங்கே வளர்ந்த முறைதான் வாரி: கனமான வாரியால் மண்ணை உடைத்து, மெல்லிய வாரியால் சிறிது சிறிதாக இழுத்து, வெடியின் பக்கத்தைக் காணும்வரை தோண்டுவது. நீண்ட பிடி எங்களுக்கும் வெடிக்கும் நடுவே தூரம் வைத்தது. விவசாயம் செய்கிற எந்தக் குடும்பத்துக்கும் அது அந்நியமான பொருள் அன்று.

இரணைமடுவான் எழுதியது:

அக்கா, நல்ல யோசனை. எனக்கும் ஒன்று தோன்றுகிறது. துப்பாக்கி ரவைக் கோது நல்ல பித்தளைதானே? வன்னியில் இன்னும் தோண்டத் தோண்ட வருகிறது. அதையே சேகரித்து உருக்கி, இங்குள்ள பித்தளை வார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தால், போரின் உலோகமே அமைதியின் குற்றியாகிவிடும். செலவும் குறையும். எங்கள் ஊரில் பழைய இரும்பு எடுப்பவர்கள் கிலோக் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

பளைக்காற்று எழுதியது:

தம்பி, உங்கள் நோக்கம் நல்லது. ஆனால் இதை வாசிக்கும் ஒருவரும் இப்படிச் செய்யக்கூடாது என்பதற்காகச் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன்.

ரவைக் கோது எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கொண்ட நல்ல பித்தளை என்பது உண்மை. ஆனால் மண்ணுக்குள் பல ஆண்டுகள் கிடந்த கோது வெறுமையானதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அடியிலுள்ள எரியூட்டி வெடிக்காமல் இருக்கலாம். ரவைக் கோது என்று நினைத்து எடுப்பதற்குப் பக்கத்தில் கைக்குண்டின் வெடியூட்டியோ எறிகணையின் மூக்கோ கிடக்கலாம். பழைய இரும்புக்காக இத்தகைய பொருட்களை வெட்டியும் தட்டியும் உயிரையும் கைகளையும் இழந்தவர்களை நாங்கள் எங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். வார்ப்பவரின் உலைக்குள் ஒரே ஒரு வெடிக்காத எரியூட்டி போனாலும் போதும். அதோடு, வெடிபொருட்களின் பாகங்களை வைத்திருப்பது சட்டச் சிக்கலையும் தரும்.

நாங்கள் கண்டெடுத்த எதையும், ஒரு திருகாணியைக்கூட, நினைவாக வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அதுவே எங்கள் முதல் விதி. அந்த விதியைக் காத்தவர்களுக்குத் தரும் குற்றியை அந்த விதியை மீறிச் செய்ய முடியாது. எதையாவது கண்டால் தொடாதீர்கள், வந்த வழியே திரும்பிப் போய் கிராம அலுவலரிடமோ பொலிசிலோ சொல்லுங்கள்.

இரணைமடுவான் எழுதியது:

விளங்குகிறது அக்கா. எங்கள் வீட்டுக் கொட்டிலுக்குள் ஒரு வாளி நிறைய இருந்தது, தம்பிமார் விளையாட்டுக்குச் சேர்த்தது. அதைத் தொடவில்லை. இன்று காலை அப்பாவுடன் போய்ப் பொலிசில் அறிவித்துவிட்டேன்.

முள்ளியவளை_தூரம் எழுதியது:

நான் முள்ளியவளையைச் சேர்ந்தவன், இப்போது வேலைக்காக வெளிநாட்டில் இருக்கிறேன். எங்கள் பாடசாலைப் பழைய மாணவர்களுக்காக இதேபோன்ற ஒரு குற்றியைச் செய்விக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. அதில் பட்ட அடியைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

வாசகங்களைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வரைபடத்தோடு அனுப்பினேன். எங்களுக்கெல்லாம் பழகிய எழுத்துரு, ஆனால் அது ஆங்கில விசைகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய பழைய வகை. செய்பவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் அங்கே வெறும் ஆங்கில எழுத்துக்களாகத் தெரிந்திருக்கிறது. நல்லவேளையாக அது கண்ணுக்குப் பட்டதால் நிறுத்தினோம். பிறகு யுனிகோடில் மாற்றி அனுப்பினேன். இம்முறை அவர்களுடைய வரைகலை மென்பொருள் கொம்புகளைப் பிரித்துவிட்டது. தொண்டு என்பதில் கொம்பும் தகரமும் காலும் ஒன்றோடொன்று பொருந்தாமல், எழுத்துக்குப் பின்னால் கொம்பு போய் நின்றது. தமிழ் தெரியாத கண்ணுக்கு அது தவறாகத் தெரியாது. மாதிரிப் படத்தைக் கைப்பேசியில் அவசரமாகப் பார்த்து நான் சம்மதம் சொல்லிவிட்டேன். அறுபது குற்றிகள் வந்து சேர்ந்தன, அறுபதிலும் பிழை. அவற்றை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டாம் தடவை என் பணத்தில் செய்வித்தேன்.

இன்னொன்று, இது மிகவும் முக்கியம். உங்கள் குற்றியில் கண்ணிவெடி என்ற சொல் வருமானால் ணகரத்தின் மேலுள்ள புள்ளியைக் கவனியுங்கள். எங்கள் முதற் பதிப்பில் சிறிய எழுத்துக்களின் புள்ளிகள் எல்லாம் எனாமலுக்குள் மூழ்கிப் போயிருந்தன. அப்படி நடந்தால் உங்கள் சொல் கணணிவெடி ஆகிவிடும். பதினொரு ஆண்டு உழைப்பை ஒரு புள்ளி வேறொன்றாக்கிவிட இடம் கொடுக்கவேண்டாம்.

அச்சுப்பட்டறை எழுதியது:

அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. தமிழில் வருகிற பிழைகளில் பெரும்பகுதி இந்த இரண்டும்தான். பரிகாரம் எளிது. வாசகத்தை நீங்களே சரியாக அமைத்தபின், அதை எழுத்தாக வைத்திராமல் கோட்டுருவாக மாற்றிவிடுங்கள். பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் அது படம்தான், எழுத்துருவைத் தேடாது. அதன்பின் ஒரே அளவில் கடதாசியில் அச்சிட்டு, 45 மில்லிமீற்றர் வட்டமாக வெட்டி, வீட்டில் வயதானவர் ஒருவரிடம் கொடுத்துக் கண்ணாடி இல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால் உலோகத்திலும் முடியாது.

0.3 மில்லிமீற்றரை விட மெல்லிய கோடு உலோகத்தில் நம்பிக்கையாக நிற்காது. புள்ளியை எழுத்துருவில் உள்ளபடி விடாமல் சற்றுப் பெரிதாக்கி, கீழுள்ள எழுத்திலிருந்து நன்றாகப் பிரித்து வையுங்கள். விளிம்பைச் சுற்றி வாசகம் எழுதுவதானால் குறைந்த சொற்களே நல்லது. தமிழில் இகர ஈகார விசிறிகள் மேலே ஏறி விளிம்பு வளையத்தோடு ஒட்டிவிடும். எண்களை அச்சில் சேர்க்க முடியாது, ஏனென்றால் அச்சு எல்லாவற்றுக்கும் ஒன்றே. விளிம்பிலோ பின்பக்கத்து வெற்றிடத்திலோ பின்னர் லேசரால் பொறிக்க வேண்டும். அதை என் கடையிலேயே செய்து தருகிறேன். அக்காவின் அணிக்கு அதற்குக் கூலி வேண்டாம்.

மாங்குளச்சந்தி எழுதியது:

சட்டப் பக்கத்தில் ஒரு சொல். குற்றியில் ரூபாய், சதம் என்ற சொற்களோ ஒரு பெறுமதி எண்ணோ வரக்கூடாது. புழக்கத்திலுள்ள நாணயத்தின் அளவையும் நிறத்தையும் ஒத்திருக்கவும் கூடாது. 45 மில்லிமீற்றர் எந்த இலங்கை நாணயத்தையும் விடப் பெரிதாகையால் அந்த விதத்தில் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். அரச இலச்சினையையும் தேசியக் கொடியையும் அனுமதியின்றிப் பயன்படுத்த வேண்டாம். நீங்கள் வேலை செய்த நிறுவனத்தின் இலச்சினையைச் சேர்ப்பதானால் அவர்களிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். அதைவிடச் சேர்க்காமல் விடுவதே மேல்.

பின்பக்கத்துக்கு ஒரு யோசனை சொல்ல நினைத்தேன். 1803 ஓகஸ்ட் 25 இல் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் ட்றிபேர்க்கிடம் தோற்றான் என்று அங்கே கல் நாட்டப்பட்டிருந்தது. அந்தக் கல்லின் உருவத்தை வைக்கலாமா என்று எண்ணினேன். ஆனால் பனங்கூடல் ஐயா எழுதியதை மீண்டும் வாசித்தபின் கைவிட்டேன். அது போரின் கல். மேலும், மன்னர்களுக்கும் தளபதிகளுக்கும் நாணயமும் கல்லும் எப்போதும் கிடைத்தே வந்துள்ளன.

அதற்குப் பதிலாக, மத்திய வங்கி 2013 ஆம் ஆண்டு பொறித்து வெளியிட்ட பத்து ரூபாய் நாணயங்களைப் பாருங்கள். 25 மாவட்டங்களுக்கும் தனித்தனி நாணயம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் உண்டு. ஒரு சிறிய வட்டத்துக்குள் ஒரு மாவட்டத்தை எப்படி அடக்கியிருக்கிறார்கள் என்பதைப் படிப்பதற்கு அவை நல்ல பாடம். இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்க விரும்பும் பிள்ளைகளுக்கும் நான் அவற்றையே முதலில் சொல்வேன்.

வற்றாப்பளை_மகள் எழுதியது:

குற்றியைப் பேணுவதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, அதனால் இதைச் சேர்க்கிறேன். பழுப்பேற்றிய குற்றியை மினுக்கவே கூடாது என்று கொடுக்கும்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். என்னிடம் இருந்த ஒரு குற்றியை அம்மா குத்துவிளக்கோடு சேர்த்துப் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டார். பள்ளங்களில் இருந்த கருமை போய், உருவம் தெரியாமல் வெறும் மஞ்சள் தகடாகிவிட்டது. அம்மா அன்போடுதான் செய்தார், நான்தான் சொல்லி வைத்திருக்கவில்லை. மலிவான மென் பிளாஸ்ரிக் உறைகளிலும் போடவேண்டாம். அவற்றில் உள்ள பதார்த்தம் கசிந்து உலோகத்தில் பச்சையாக ஒட்டும். மாரி காலத்தில் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிறு பொதியோடு மூடியுள்ள ரின்னுக்குள் வைத்தால் போதும். ஆனால் இவர்கள் கையிலும் பையிலும் வைத்திருக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். கைபட்டு மேடுகள் தேய்ந்து மினுங்குவது அழகு.

பளைக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு மாதமாக எழுதாததற்குக் காரணம் உண்டு. உங்கள் சொற்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, அணியில் இருந்த பதினேழு பேரை நேரில் சந்தித்து வந்தேன்.

முடிவானது இது. பித்தளை, 45 மில்லிமீற்றர், 3 மில்லிமீற்றர் தடிப்பு, பழுப்பேற்றியது, நிறம் இல்லை. முன்பக்கத்தில் இரண்டு வாரிகள், ஒன்று கனமானது, மற்றது மெல்லியது. அவற்றைக் குறுக்காக வைக்கவேண்டாம், அது வாள்களைப் போல இருக்கும் என்று அணியில் ஒரு பெண் சொன்னாள். வேலை முடிந்து கொட்டில் சுவரில் சாத்தி வைப்பதைப் போலப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பின்பக்கத்தில் ஒரு பனை, அடியில் துப்புரவான நிலத்தைக் குறிக்கும் வெறும் தளம், அதில் எண். விளிம்பில் இரண்டே சொற்கள்: மண் மீண்டது. கண்ணிவெடி என்ற சொல்லை எடுத்துவிட்டோம். புள்ளிக்குப் பயந்து அல்ல. அந்தச் சொல் இல்லாமலே அவர்களுக்கு விளங்கும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

எண்ணிக்கையில்தான் நீண்ட நேரம் பேசினோம். செய்பவர் ஐம்பதுக்குக் குறைய ஏற்கவில்லை. நாங்கள் 28 பேர், மருத்துவ உதவியாளர் ஒருவர், சாரதிகள் இருவர், ஆக 31. மீதிப் பத்தொன்பதை விற்றால் செலவில் பாதி வந்துவிடும் என்று சேகரிப்பாளர் ஒருவர் தனிப்பட்ட செய்தியில் விலை கேட்டிருந்தார். அவருடைய ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை, நானும் அப்படி வாங்கியவள்தான். ஆனால் இந்தக் குற்றி விற்பனைக்கு இல்லை. எண் பொறிக்காத அந்தப் பத்தொன்பதும் எங்களுக்கு முன்னர் அதே நிலத்தில் வேலை செய்து விலகியவர்களைத் தேடிக் கொடுக்கப்படும். ஏழாம் எண்ணுக்கு உரியவள் சென்ற ஆண்டு நோயால் இறந்துவிட்டாள். அவளுடைய மகள் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அவளுக்குக் கைகொடுத்துத் தருவேன்.

பனங்கூடல் ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் காணியைத் துப்புரவாக்கியவர்கள் எந்த அணியினர் என்று கேட்டறிந்தேன். அது எங்கள் பிரிவு அல்ல, ஆனால் அதில் இருந்த இருவர் பின்னர் எங்களோடு சேர்ந்தவர்கள். ஏப்ரல் 4 அன்று அவர்கள் இருவருக்கும் உங்கள் கையால் குற்றியைக் கொடுக்க வரமுடியுமா?

பனங்கூடல் எழுதியது:

வருகிறேன் மகளே. மனைவியையும் அழைத்து வருகிறேன். வாரியின் படத்தைக் காட்டினேன். இது எங்கள் வீட்டிலும் இருக்கிறதே என்றாள்.

பளைக்காற்று எழுதியது:

மாதிரிக் குற்றி இன்று வவுனியாவுக்கு வந்து சேர்ந்தது, அச்சுப்பட்டறைத் தம்பி பஸ்ஸில் கொடுத்து அனுப்பினார். எழுத்துக்கள் சரி. மண் என்பதிலும் மீண்டது என்பதிலும் ணகரப் புள்ளிகள் தெளிவாக நிற்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவியும் பார்த்தேன், தட்டுப்படுகின்றன. ஒரே ஒரு பிழை. மெல்லிய வாரிக்குப் பதினான்கு பற்கள் என்று வரைந்து அனுப்பியிருந்தோம், குற்றியில் பதின்மூன்று இருக்கிறது. வேறு எவரும் எண்ணமாட்டார்கள், ஆனால் அந்த 28 பேரும் எண்ணுவார்கள். திருத்தச் சொல்லி எழுதிவிட்டேன்.